கயிற்றின் மறுமுனை

குன்னூர்
8 மே 2024

லீலாவுக்கு,

அண்ணன் எழுதுவது. ஒன்பது மாதமாக நாம் பேசவில்லை. அம்மாவின் திவசத்தன்று எல்லார் முன்னாலும், "பேரு உங்களுது, அட்டைக்கடி என்னுது" என்று சொன்னாய். அதில் பொய்யில்லை, அதனால்தான் இன்னும் ஆறவில்லை. அதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். இப்போது அவசரம்.

போன் பண்ணலாமே என்கிறாள் உன் அண்ணி. இருபத்தெட்டு வருஷம் தேயிலை பேக்டரியில் ரோலர் பக்கத்தில் நின்ற காது இது. போனில் உன் குரல் எனக்குக் கொசுச் சத்தம்தான். தினகரனின் போனுக்கு எழுதி அனுப்பினால் அவனும் படிப்பான். மகன் படிக்க வேண்டிய விஷயமில்லை இது.

தேவாலா நிலத்துக்குப் பட்டா கேட்டுப் போட்ட மனுவுக்கு நோட்டீஸ் வந்திருக்கிறது. மனு என் பெயரில் என்பதால் இங்கே வந்தது. ஜூன் கடைசியில் ரெவின்யூக்காரர்களும் பாரஸ்ட்காரர்களும் சேர்ந்து வந்து நிலத்தைப் பார்ப்பார்களாம். சாகுபடி என்று எழுதினால் மனு மேலே போகும். காடு என்று எழுதினால் அத்தோடு முடிந்தது. நோட்டீஸின் கடைசி வரியில் "மரங்களின் எண்ணிக்கையும் குறிக்கப்படும்" என்று இருக்கிறது. அந்த வரியைப் படித்ததிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை.

ஓடைக்கு அந்தப் பக்கம் இருக்கும் கொர்னேலியஸை நினைத்துப் பார். நம்மைப் போலவே பட்டா இல்லாத ஆள். போன வருஷம் அவன் காப்பித் தோட்டத்தில் மரம் அதிகம் என்று காடாக எழுதிவிட்டார்கள். ஒரு கல்யாணத்தில் பார்த்தேன், பாதி ஆளாகிவிட்டான். நம்மிடம் இருப்பது ஒன்றரை ஏக்கர் தேயிலை, அதில் நிழல் மரமாகத் தொண்ணூற்றாறு சில்வர் ஓக்.

அதனால் நான் சொல்வதைச் செய். அனுமதி இல்லாமல் வெட்டினால் கேஸ், வெட்டிய அடிமரமும் காட்டிக்கொடுக்கும். முழங்கால் உயரத்தில் ஒரு சாண் அகலத்துக்குப் பட்டையைச் சுற்றி உரித்துவிட்டால் மரம் தானாகக் காயும். காய்கிற மரத்தை எண்ணிக்கையில் சேர்க்க மாட்டார்கள். நாற்பது மரம் போதும். வரிசையாக உரிக்காதே. இங்கே ஒன்று, அங்கே இரண்டு என்று நோய் விழுந்த மாதிரி தெரிய வேண்டும். இந்த வாரமே செய்துவிட்டுப் பதில் போடு.

இராஜரத்தினம்

*

தேவாலா
14 மே 2024

அன்புள்ள அண்ணனுக்கு,

ஒன்பது மாதம் கழித்து வந்த கடிதம், நலமா என்றுகூடக் கேட்கவில்லை. நலம்தான். அட்டைகளும் நலம். முதல் மழை விழுந்ததும் வந்துவிட்டன.

நாற்பது மரத்தை நோய் விழுந்த மாதிரி உரிக்கச் சொல்கிறீர்கள். கத்தி பட்ட காயத்துக்கும் நோய்க்கும் வித்தியாசம் தெரியாதவரா பாரஸ்ட் வேலைக்கு வருவார்? போகட்டும். அந்த மரங்கள் என்ன செய்கின்றன என்பது குன்னூரில் இருக்கும் உங்களுக்கு மறந்துவிட்டது. மார்ச் வெயிலில் மேட்டு எஸ்டேட்டில் கொழுந்து கருகியபோது நம்முடையது பச்சையாக நின்றது. ஐந்து வருஷத்துக்கு முந்திய ஆகஸ்ட் மழையில் மரமில்லாத அடுத்த சரிவு முழுசாக இறங்கிப் பாதையை மூடியது. நம் மண் ஒரு சட்டிகூட நகரவில்லை. அந்த மூன்று நாளும் வீட்டுக்குள் உட்கார்ந்து ஒவ்வொரு சத்தத்துக்கும் எழுந்து வெளியே பார்த்தவள் நான். மிளகுக் கொடி ஏறியிருப்பதும் அதே மரங்களில்தான்.

நான் பெரிய யோக்கியம் இல்லை. களை எடுக்கும்போது ஈட்டி மரக் கன்று கண்ணில் பட்டால் பிடுங்கி வீசுகிறேன். இந்தப் பக்கம் எல்லாரும் செய்வதுதான். விலையுள்ள காட்டு மரம் அது, வளர்ந்து பெரிதானால் அரசாங்கம் நம்மைத் தொடவிடாது, நிலத்துக்கும் வம்பு என்று பயம். ஒரு சாண் கன்றைக் கண்டு பயப்படுகிற குடியானவள் வேறு எங்காவது இருப்பாளா தெரியவில்லை. ஆனால் அப்பா நட்ட மரத்தில் கத்தி வைக்க என்னால் முடியாது. நீங்களும் தனியாக எதையும் முடிவு செய்யாதீர்கள்.

பிரியாவுக்கு நாள் நெருங்கிவிட்டது. பதினெட்டாம் தேதி திருப்பூர் போகிறேன். பிரசவம் பார்த்துவிட்டு ஜூன் எட்டாம் தேதிதான் வருவேன். கொழுந்தை நமக்குக் கவாத்து வெட்டும் முத்துவேல் வீட்டுப் பெண்கள் எடுத்துக்கொள்வார்கள். வந்ததும் கொர்னேலியஸ் அண்ணனிடம் என்ன நடந்தது என்று விவரமாகக் கேட்டு எழுதுகிறேன். அதுவரை பொறுங்கள்.

லீலாவதி

*

குன்னூர்
27 மே 2024

அன்புள்ள லீலா,

பிரியா எப்படி இருக்கிறாள்? குழந்தை பிறந்துவிட்டதா? அண்ணி விசாரித்தாள். திருப்பூர் விலாசம் என்னிடம் இல்லை, நீ திரும்பி வந்ததும் இதைப் படிப்பாய்.

மழை இந்த வருஷம் முன்னாலேயே பிடித்துக்கொண்டது. தேயிலை நன்றாகத் துளிர்த்திருக்கிறது. நீ நன்றாகத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறாய். அதை நான் இதுவரை சொன்னதில்லை என்று நினைக்கிறேன்.

நான் எது செய்தாலும் நிலம் நம்மை விட்டுப் போகக்கூடாது என்றுதான் செய்வேன். அதை மட்டும் மனதில் வைத்துக்கொள்.

இராஜரத்தினம்

*

தேவாலா
10 ஜூன் 2024

அண்ணனுக்கு,

பேத்தி பிறந்திருக்கிறாள். சந்தோஷத்தோடு வந்து கதவைத் திறந்தேன். உங்கள் கடிதம் கிடந்தது. மேலே குன்னூர் என்று எழுதியிருந்தீர்கள், தபால் முத்திரை கூடலூர். தேயிலை துளிர்த்திருப்பது குன்னூரிலிருந்து எப்படித் தெரிந்தது என்று யோசித்துக்கொண்டே பின்பக்கம் போனேன்.

நாற்பது மரம். ஒவ்வொன்றையும் தொட்டு எண்ணினேன். காயத்தின் மேல் மண் பூசியிருக்கிறீர்கள், அதை மழை கழுவிவிட்டது. முத்துவேலைக் கூப்பிட்டேன். தலையைத் தூக்கவில்லை. "அண்ணன் பக்கத்துல நின்னு சாக்பீஸ்ல குறி போட்டாருங்க. நா என்னங்க பண்ணட்டும்?" என்றான். நான் ஊரில் இல்லாத நாளாகப் பார்த்துக் குன்னூரிலிருந்து பஸ் ஏறி, சாக்பீஸ் பையில் போட்டுக்கொண்டு வந்திருக்கிறீர்கள். என் வீட்டுத் திண்ணைப் பக்கம்கூட வராமல் பின்வழியாக வந்து போயிருக்கிறீர்கள். நான் உங்களுக்கு யார் என்று எனக்குப் புரியவில்லை.

இன்னும் கேளுங்கள். நேற்றுக் கொர்னேலியஸ் அண்ணனிடம் போனேன். அவர் நிலத்தைக் காடு என்று எழுதியது மரம் அதிகம் என்பதற்காக மட்டும் இல்லை. வந்த அதிகாரி முதலில் கேட்டது, "இதுல நீங்க நட்டது எது, தானா மொளச்சது எது?" என்பது. கொர்னேலியஸ் அண்ணனின் மரமெல்லாம் பலா, அத்தி, ஈட்டி என்று அங்கங்கே முளைத்தவை. நட்டதைக் காட்ட வழியில்லை. "உனக்கு என்ன புள்ள, உங்கப்பா கயிறு புடிச்சுல்ல நட்டாரு, ஒன்னும் பயமில்ல" என்று எனக்குத் தைரியம் சொன்னார். தலையை ஆட்டிவிட்டு வந்தேன். உரித்ததை அவரிடம் சொல்ல வாய் வரவில்லை.

அப்பா சிலோனில் நிழல் மரம் நடும் வேலை பார்த்தவர். இருபது அடிக்கு ஒரு முடிச்சுப் போட்ட கயிற்றில் ஒரு முனை அவர் கையில், மறுமுனை உங்கள் கையில். நான் கன்று சுமந்தேன். எட்டு வரிசை, வரிசைக்குப் பன்னிரண்டு. எந்தப் பக்கம் நின்று பார்த்தாலும் நேர்கோடு. காட்டு மரம் கயிறு பிடித்து முளைக்குமா? முப்பத்தெட்டு வருஷமாக நாம் இங்கே பயிர் செய்கிறோம் என்பதற்கு நம்மிடம் இருந்த ஒரே அத்தாட்சி அந்த வரிசைதான். அதைத்தான் இங்கே ஒன்று, அங்கே இரண்டு என்று குறி போட்டுக் கெடுத்திருக்கிறீர்கள். இந்த நாற்பதும் காய்ந்து விழுந்தால் மிச்சம் நிற்பது கொர்னேலியஸ் அண்ணனின் தோட்டம் மாதிரிதான் இருக்கும்.

பதில் போட வேண்டாம்.

லீலாவதி

*

குன்னூர்
16 ஜூன் 2024

அன்புள்ள லீலா,

வேண்டாம் என்றாய், எழுதுகிறேன். கிழித்துப் போடுவதென்றால் படித்துவிட்டுக் கிழி.

செய்தேன். இருபத்திரண்டாம் தேதி வந்தேன், காலை ஒன்பதரைக்கு இறங்கி மூன்று மணி பஸ்ஸில் திரும்பினேன். கடிதத்தைக் குன்னூரில் எழுதி, கூடலூர்ப் பக்கம் போன ஒருவரிடம் கொடுத்துப் போடச் சொன்னேன் என்று உன்னிடம் ஒரு கதை சொல்லலாம் என்றுகூட நினைத்தேன். உண்மை என்னவென்றால் இருபத்தேழாம் தேதி மறுபடியும் கூடலூர் வரை வந்தேன். உன் தோட்டத்துக்கு வந்து மரங்களைப் பார்க்கத் தைரியமில்லாமல் பஸ் ஸ்டாண்டிலேயே உட்கார்ந்து அந்தக் கடிதத்தை எழுதிப் போட்டுவிட்டுத் திரும்பினேன்.

நமக்குச் சிலோனில் என்ன நடந்தது என்பது உனக்குத் தெரியாது, உனக்கு அப்போது நாலு வயசு. எனக்குப் பன்னிரண்டு. இந்தியாவுக்குப் போகச் சொல்லி ஒரு காகிதம் வந்தது. அப்பா அதை லயத்து வீட்டு வாசலில் வைத்துக்கொண்டு திருப்பித் திருப்பிப் பார்த்தார். மூன்று மாதத்தில் நாம் கப்பலில் இருந்தோம். அதிலிருந்து அரசாங்க முத்திரை போட்ட கவரை உடனே பிரிக்க எனக்குத் தைரியம் வராது. இந்த நோட்டீஸைத் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டு படுத்தேன். மரம் என்ற சொல் ஒன்றுதான் கண்ணுக்குத் தெரிந்தது. வரிசை நினைவுக்கே வரவில்லை. கயிற்றைப் பிடித்தவன் நான், எனக்கே வரவில்லை.

இங்கே பூங்காவில் வேலை பார்க்கும் ஒரு பெரியவரைப் பிடித்துக் காகிதத்தில் எழுதிக் கேட்டேன். சுற்றிலும் முழுசாக உரிந்திருந்தால் மரம் பிழைக்காது என்கிறார். ஆனால் உடனே சாகாது. ஆறு மாதம் வரைக்கும் பச்சையாக நிற்கலாமாம். மண்ணும் சாணமும் குழைத்து அப்பிச் சாக்கு கட்டினால் நாளைக் கடத்தலாம். எங்காவது இரண்டு விரல் அகலத்துக்குப் பட்டை மேலுக்கும் கீழுக்கும் தொடர்ச்சியாக மிஞ்சியிருந்தால் அந்த மரம் தப்பிவிடும் என்கிறார். ஒவ்வொரு மரமாகச் சுற்றிப் பார். உன் காலில் விழுகிறேன் என்று வைத்துக்கொள்.

இன்னொன்று. ஆய்வை ஜூலைக்குத் தள்ளிவைத்திருக்கிறார்கள். இலை கொட்டுவதற்குள் அவர்கள் வரவேண்டும். மரம் காயவேண்டும் என்று போன மாதம் துடித்தேன். இப்போது காயக்கூடாது என்று துடிக்கிறேன். என்னை நினைத்தால் எனக்கே அருவருப்பாக இருக்கிறது.

இராஜரத்தினம்

*

தேவாலா
9 ஜூலை 2024

அண்ணனுக்கு,

பத்து நாளாகக் கரண்டும் இல்லை, டவரும் இல்லை. தபால்காரர் வரும்போது கொடுக்கலாம் என்று எழுதி வைக்கிறேன்.

சுற்றிப் பார்த்தேன். உங்களுக்குச் சொல்ல ஒரு நல்ல சேதி இருக்கிறது, நீங்கள் அதற்கு லாயக்கில்லை என்றாலும் சொல்கிறேன். முத்துவேல் மிளகுக் கொடியை வெட்டவில்லை. மரத்தைச் சுற்றி உரிக்கச் சொன்னீர்கள், கொடி ஏறியிருந்த பக்கம் கத்தி போனால் கொடி துண்டாகும். காய்ப்பில் இருக்கும் கொடியில் கத்தி வைக்க எந்தக் கவாத்துக்காரனுக்கும் கை வராது. கொடியை ஒட்டிக் கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறான். கொடிக்குப் பின்னால் நாலு விரல், சிலதில் ஒரு சாண் பட்டை அப்படியே இருக்கிறது. நாற்பதில் இருபத்தாறு அப்படி. அவனைக் கேட்டேன். "மொளகு என்னங்க பாவம் பண்ணுச்சு?" என்றான். அன்றைக்குப் பிறகு முதல்முறையாகச் சிரித்தேன்.

மிச்சம் பதினாலு. மிளகு இல்லாத மரங்கள். அவற்றுக்குச் சாணமும் மண்ணும் அப்பிச் சாக்கு கட்டியிருக்கிறேன். காலையில் கட்டினால் சாயங்காலம் மழை கரைத்துவிடுகிறது. மறுநாள் மறுபடியும் அப்புகிறேன். அட்டை காலில் ஏறினால் தட்டிவிடக்கூட நேரமில்லை. பாறைக்குப் பக்கத்தில் இருக்கிற இரண்டு மரம் உச்சியில் மஞ்சளாகிவிட்டது.

ஆய்வு ஆகஸ்டுக்குப் போய்விட்டதாகக் கொர்னேலியஸ் அண்ணன் கேள்விப்பட்டு வந்து சொன்னார். பாதையில் மண் விழுந்திருக்கிறது, ஜீப் வராதாம். காலையில் எழுந்ததும் பல்கூட விளக்காமல் உச்சியைத்தான் அண்ணாந்து பார்க்கிறேன். கழுத்து பிடித்துக்கொண்டது. இப்படி ஒரு பிழைப்பை எனக்குக் கொடுத்தது நீங்கள்.

அண்ணியிடம் பேத்திக்குப் பெயர் இன்னும் வைக்கவில்லை என்று சொல்லுங்கள்.

லீலாவதி

*

குன்னூர்
20 ஆகஸ்ட் 2024

அன்புள்ள லீலா,

தேதி வந்துவிட்டது. செப்டம்பர் பத்தொன்பது, வியாழக்கிழமை, காலை பதினோரு மணி. மனுதாரர் நேரில் இருக்க வேண்டும் என்று போட்டிருக்கிறது. அதனால் நான் வருவேன். உன் வீட்டுக்குள் வரமாட்டேன், நிலத்தில் நிற்கிறேன்.

இருபத்தாறு மரம் பிழைத்ததை ஒரு நாளைக்கு நாலு தடவை படிக்கிறேன். ஆனால் புதுப் பயம் பிடித்திருக்கிறது. மரத்தை இப்படி உரிப்பதே குற்றம் என்று இங்கே ஒரு ரிட்டயர்டு கிளார்க் சொன்னார். பாரஸ்ட்காரர் காயத்தைப் பார்த்தால் மனுவையே தள்ளிவிடலாமாம். சாக்கு கட்டியிருப்பது தூரத்திலிருந்தே தெரியும். முள்ளம்பன்றி கடித்தது என்று சொல்லலாமா? மனுவில் இருப்பது என் பெயர் மட்டும்தான். அவர்கள் என்னிடம்தான் கேட்பார்கள், எனக்குக் காது கேட்காது. என்ன கேட்கிறார்கள் என்று தெரியாமல் என்ன பதில் சொல்வேன்? நான் வாயைத் திறந்து உளறி நிலத்தைத் தொலைப்பேன் என்று பயமாக இருக்கிறது. என்ன சொல்ல வேண்டும் என்று நீயே எழுது. அப்படியே மனப்பாடம் செய்துகொண்டு வருகிறேன்.

இராஜரத்தினம்

*

தேவாலா
29 ஆகஸ்ட் 2024

அண்ணனுக்கு,

முள்ளம்பன்றிக்குக் கவாத்துக் கத்தி யார் கொடுத்தது என்று கேட்டால் என்ன சொல்வீர்கள்?

நீங்கள் எதையும் மனப்பாடம் செய்ய வேண்டாம். வந்து நில்லுங்கள், போதும். கேட்கிறதற்கு நான் பதில் சொல்கிறேன். என்ன சொல்வேன் என்று எனக்கே இன்னும் தெரியாது. நீங்கள் செய்ததை நீங்கள் செய்தீர்கள் என்று சொல்லிவிடுவேனோ என்றும் இருக்கிறது. கோபம் அப்படியே இருக்கிறது அண்ணா, மறைக்கவில்லை.

பந்தலூர் சந்தையில் தேங்காய் நார்க் கயிறு வாங்கினேன். இருபது அடிக்கு ஒரு முடிச்சாகப் போட்டு வைத்திருக்கிறேன். பாறைப் பக்கத்து மரம் இரண்டும் முழுக்கக் காய்ந்துவிட்டன. இன்னும் ஐந்து மரம் இலை உதிர்க்கின்றன. விழுந்த இலையை எல்லாம் கூட்டி ஓடையில் போடுகிறேன், வருகிறவர்கள் கண்ணில் படக்கூடாது என்று.

வரும்போது ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு வாருங்கள். சாரல் இன்னும் விடவில்லை.

லீலாவதி

*

குன்னூர்
22 செப்டம்பர் 2024

அன்புள்ள லீலா,

ஆய்வு முடிந்து மழை பிடித்ததும் என்னை ஜீப்பில் ஏறச் சொல்லிக் கையைக் காட்டினார்கள். ஏறிவிட்டேன். உன்னிடம் ஒரு வார்த்தைகூடச் சொல்லிக்கொள்ளவில்லை. ஜீப்பில் அந்த ரெவின்யூ அதிகாரி, நோட்டீஸில் கையெழுத்துப் போட்ட கீர்த்திவாசன், என் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தார். என்ன நடந்தது என்று அவரிடம் கேட்க வெட்கமாக இருந்தது. மூன்று நாளாகத் தூக்கமில்லை. நான் பார்த்ததை எழுதுகிறேன், நீ கேட்டதை எழுது.

நீ கயிற்றைக் கொண்டுவந்தாய். ஒரு முனையை என் கையில் கொடுத்துவிட்டு மறுமுனையோடு சரிவில் இறங்கினாய். கயிறு இழுபட்டது. ஒவ்வொரு முடிச்சிலும் ஒரு மரம். காய்ந்ததும் முடிச்சில், பச்சையும் முடிச்சில். நாலாவது வரிசையில் கீர்த்திவாசன் குனிந்து கயிற்றோடு கண்ணை வைத்துப் பார்த்தார்.  அதுவரைக்கும் சரி.

அப்புறம் பாரஸ்ட் அதிகாரி ஒரு சாக்கை அவிழ்த்தார். காயத்தில் விரலை வைத்து ஏதோ கேட்டார். நீ பேசினாய், ரொம்ப நேரம் பேசினாய். கையை நீட்டிக் கொர்னேலியஸ் தோட்டத்தைக் காட்டினாய். கீழே குனிந்து களைக்குள் எதையோ தொட்டுக் காட்டினாய். பாரஸ்ட் அதிகாரியின் முகம் கடுத்தது. பிறகு கீர்த்திவாசன் என்னைப் பார்த்து வாயசைத்தார். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள், நீயும் பார்த்தாய். நான் தலையாட்டினேன்.

எதற்குத் தலையாட்டினேன் லீலா? அவர் உடனே எழுத ஆரம்பித்தார். ஒரு காகிதத்தை நீட்டிக் கையெழுத்துக் கேட்டார். மழையில் கண்ணாடி நனைந்து ஒரு எழுத்தும் தெரியவில்லை. போட்டுவிட்டேன். நிலத்தை எழுதிக் கொடுத்துவிட்டேனா? உரித்தது நீதான் என்று சொன்னதற்குத் தலையாட்டினேனா? எதுவாக இருந்தாலும் மறைக்காமல் எழுது.

இராஜரத்தினம்

*

தேவாலா
30 செப்டம்பர் 2024

அன்புள்ள அண்ணனுக்கு,

தூங்குங்கள். நிலத்தை எழுதிக் கொடுக்கவில்லை.

அந்தப் பாரஸ்ட் அதிகாரி சாக்கை அவிழ்த்துவிட்டு, "இத யாரு பண்ணது?" என்று கேட்டார். உங்களைக் காட்டிவிட வேண்டும் என்று எனக்கு வாய்வரை வந்தது. திரும்பிப் பார்த்தேன். நீங்கள் கயிற்று முனையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, தளரவிட்டால் யாராவது திட்டுவார்கள் என்பது போல நின்றீர்கள். அன்றைக்கு அப்பா எதிரில் நின்ற மாதிரியே. நான் சொன்னது இதுதான்: "நாங்கதான் சார் பண்ணோம். நானும் எங்கண்ணனும். மரம் நெறைய இருந்தா காடுன்னு எழுதிருவீங்கன்னு பயந்து பண்ணோம்."

அவர் கேஸ் என்றார், தண்டனை என்றார். கேட்டுக்கொண்டேன். பிறகு எனக்கும் கோபம் வந்துவிட்டது. கொர்னேலியஸ் அண்ணன் மரத்தை வெட்டாமல் வைத்திருந்ததற்கு அவருக்கு என்ன கிடைத்தது என்று கேட்டேன். தோட்டக்கலை ஆபீஸில் மரக்கன்று இலவசம் என்று போர்டு வைத்திருக்கிறார்கள், போய்க் கேட்டால் பட்டா நகல் எங்கே என்கிறார்கள். பட்டா கேட்டால் மரத்தை எண்ண வருகிறார்கள். நாங்கள் எந்தப் பக்கம் போவது என்று கேட்டேன். நீங்கள் பார்த்தீர்களே, களைக்குள் குனிந்து காட்டினேன் என்று, அது ஒரு ஈட்டிக் கன்று. வருஷத்துக்கு இருபது முப்பது கன்றை இந்தக் கையால் பிடுங்குகிறேன் சார், வளர்த்தவளுக்கு ஒரு உரிமை உண்டு என்று ஒரு காகிதம் கொடுங்கள், அப்புறம் ஒரு கன்றையாவது தொடுகிறேனா பாருங்கள் என்று சொன்னேன்.  அவர் முகம் கடுத்தது அப்போதுதான்.

கீர்த்திவாசன் சார் உங்களைப் பார்த்துக் கேட்டது, "இந்தம்மா சொல்றது உண்மையா? ரெண்டு பேரும் சேர்ந்துதான் எல்லாம் செய்றீங்களா?" என்பது. நீங்கள் தலையாட்டினீர்கள். நான் சொன்ன பொய்க்குத் தலையாட்டினீர்கள் அண்ணா. உரித்தபோது நான் திருப்பூரில் குழந்தைக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தேன்.

அவர் மனுவைத் திருப்பிப் பார்த்தார். "அப்ப இதுல ஒருத்தர் பேருதான இருக்கு?" என்று சொல்லிக்கொண்டே உங்கள் பெயருக்குக் கீழே என் பெயரையும் எழுதினார். நீங்கள் கையெழுத்துப் போட்டது அதற்குத்தான். பழியில் பாதியை நான் கேட்டு வாங்கினேன், பெயரில் பாதி தானாக வந்து சேர்ந்தது. இது உங்களுக்குத் தெரியாமல் நடந்த விஷயம். உங்களுக்குச் சம்மதமில்லை என்றால் முப்பது நாளுக்குள் ஆட்சேபம் எழுதலாமாம். எழுதுவதென்றால் எழுதுங்கள், நான் சண்டைக்கு வரமாட்டேன்.

அவர் எழுதியதை, கூட வந்து நின்ற கொர்னேலியஸ் அண்ணன் எட்டிப் பார்த்துச் சொன்னார். நட்ட மரங்கள் தொண்ணூற்றாறு, வரிசையாக உள்ளன, பதினாலு காய்கின்றன. சாகுபடியா காடா என்ற இடத்தில் இன்னும் ஒன்றும் எழுதவில்லை, மேலே கேட்டு எழுதுவாராம். உரித்ததற்கு விசாரணை நோட்டீஸ் தனியாக வரும், இரண்டு பெயருக்கும். தபால்காரர் கவரை நீட்டினால் இப்போது நானும் உடனே பிரிக்காமல் திருப்பித் திருப்பிப் பார்க்கிறேன். உங்கள் வியாதி எனக்குத் தொற்றிக்கொண்டது.

அந்த ஈட்டிக் கன்றை இன்னும் பிடுங்கவில்லை. நேற்றுக் களை எடுக்கும்போது கை அதன் தண்டு வரைக்கும் போனது.  பிறகு பக்கத்துக் களையை எடுத்துவிட்டு நகர்ந்துவிட்டேன். அடுத்த முறை என்ன செய்வேன் என்று சத்தியம் செய்ய முடியாது.

காய்கிற பதினாலையும் எடுக்க அனுமதி கேட்டு மனு எழுதியிருக்கிறேன், அதிலும் உங்கள் கையெழுத்து வேண்டும். அவற்றின் இடத்தில் அதே முடிச்சில் கன்று வைக்க வேண்டும். பிள்ளையின் பெயர்சூட்டு ஐப்பசியில் இங்கேதான். அண்ணியோடு வாருங்கள், முன்வாசல் வழியாக வாருங்கள். கயிற்றைக் காயப்போட்டு வைத்திருக்கிறேன். முத்துவேலைப் பிடிக்கச் சொல்லிப் பார்த்தேன், தளரவிட்டுவிடுகிறான்.

லீலாவதி